இவரோடு பலெர்மோ பார்த்த ஞாயிறுகள்

1997 மார்ச் 2, ஞாயிறு

விடிய மழை. பத்து மணிக்கு வெளித்துவிட்டது. இவரின் கோட்டு அயர்ன் பண்ணியது நான். கொலர் மட்டும் திரும்பத் திரும்ப.

நான் வந்து ஆறு கிழமை, ஒன்றரை மாதம். இன்றுதான் முதன்முதல் ஊர் பார்க்க வெளிக்கிட்டோம். இதுவரைக்கும் நான் பார்த்த பலெர்மோ: ஒரேத்தோ வீதியில் எங்கள் அறை, கீழே மரக்கறிக் கடை, பெர்மெஸ்ஸோ என்ற தங்கும் அனுமதிக்காக வரிசையில் நின்ற பொலிஸ் கந்தோர், நான் கழுவும் மாடிப்படிகள். அவ்வளவு.

இவர் ஏழு வருடமாக இங்கே. "பலெர்மோவிலை எனக்குத் தெரியாத இடம் இல்லை" என்று வெள்ளிக்கிழமையே சொல்லிவிட்டார். எங்கே போகிறோம் என்று மட்டும் சொல்லவில்லை. "வந்து பாருமன். பழங்காலத்துச் சாமான். வெள்ளைக்காரர் கப்பல் ஏறி வந்து பாக்கிற இடம்."

மியூசியம் என்று நினைத்தேன். நீலக் காஞ்சிபுரம் உடுத்தேன். அதற்கு மேலே மாடிவீட்டு ஜசிந்தா அக்கா தந்த கம்பளிக் கோட்டு. கண்ணாடியில் பார்த்தால் சாக்குப் போட்டு மூடிய சப்பறம்.

இரண்டு பஸ். பிறகு நடை. பிறகு நடந்த வழியே திரும்பி நடை. என்னைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு ஒரு கிழவரோடு கதைத்தார்.

"வழி கேட்டனீங்களோ?"

"சீ. சும்மா சுகம் விசாரிச்சனான்."

கடைசியில் ஒரு கத்தோலிக்கச் சாமிமார் மடம். தாடி வைத்த சாமியார் ஒருவர் ரிக்கற் தந்தார். கீழே இறங்கும் படி, நல்ல குளிர். மூலை திரும்பினோம்.

சுவர் முழுக்கப் பிணம்.

சும்மா பிணம் இல்லை. உடுப்புப் போட்ட பிணம். கோட்டு, தொப்பி, கையுறை, கழுத்தில் பெயர்ச்சீட்டு. நிமிர்த்திச் சுவரில் கொளுவி வைத்திருக்கிறார்கள். சாமிமார் ஒரு வரிசை, பெரிய உத்தியோகக்காரர் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. எல்லாருக்கும் வாய் திறந்தபடி. எதையோ கதைத்துக்கொண்டு இருந்தவர்கள் எங்களைக் கண்டதும் நிறுத்தியது போல.

இவரைத் திரும்பிப் பார்த்தேன். இவரையும் கொளுவிவிட்டால் வித்தியாசம் தெரியாது, அந்த நிறம்.

"என்னப்பா, நீங்கள் முந்தி இஞ்சை வரேல்லையோ?"

"வந்தனான். வாசல் மட்டும்."

மேலே கொண்டுபோய் இருத்தினேன். சாமியார் தண்ணீர் கொடுத்து முதுகைத் தடவிவிட்டார். ரிக்கற் எடுத்தாயிற்றே என்று நான் திரும்ப இறங்கி மிச்சத்தையும் பார்த்துவிட்டு வந்தேன். எனக்குப் பயம் வரவில்லை. நான் ஊரில் பார்த்த சாவுகளுக்கு உடுப்பும் இல்லை, பெயர்ச்சீட்டும் இல்லை. இவர்கள் வசதியாகத்தான் இருக்கிறார்கள். பெண்கள் வரிசையில் ஒருத்தியின் கழுத்து லேஸ் நல்ல வேலைப்பாடு.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு பேரும் தலை முழுகவேண்டும் என்று இவர் ஒரே பிடி. செத்தவீட்டுக்குப் போய் வந்த மாதிரியாம். சுடுதண்ணீர் ஒருவருக்குத்தான் காணும். இவர் முழுகினார்.

ஜசிந்தா அக்கா கேட்டுவிட்டுக் கதிரையில் இருக்கமுடியாமல் சிரித்தார். "ஏழு வருசத்துக்குப் பிறகு மனிசியை முதல் முதல் கூட்டிக்கொண்டு போக வேறை இடம் கிடைக்கேல்லையோ இந்த மனுசனுக்கு!"

மார்ச் 4, செவ்வாய்

வெயில். அவ்வொக்காத்தோ, அதாவது வழக்குப் பேசும் அப்புக்காத்து ஒருவர் இருக்கும் கட்டடம். மேலிருந்து கீழாகக் கழுவவேண்டும். வேலை தொடங்கின முதல் நாள் நான் கீழிருந்து தொடங்கி, ஊத்தைத் தண்ணீர் எல்லாம் கழுவின படிக்கே வந்தது. ஜசிந்தா அக்கா பார்த்துக்கொண்டு நின்றாராம். "முடிக்கட்டும் எண்டு விட்டனான். அப்பத்தான் மறக்காது." பேசாலைக்காரி. வேலை பழக்குகிற விதம் அப்படி.

படி கழுவும்போது மனம் தன்பாட்டுக்குப் போகும். இன்று விமான நிலையம்.

கலியாணம் முடித்து மூன்றாம் மாதம் இவர் வெளிக்கிட்டார். ஏழு வருடம் ஒரு படத்தை வைத்துக்கொண்டு இருந்தேன். நிறையத் தலைமயிர், ஒட்டின கன்னம். இவர் வைத்திருந்த படத்தில் எனக்கு இரட்டைப் பின்னல். வந்து இறங்கின அன்று வாசலில் தமிழ் முகம் ஐந்தாறு நின்றது. தலைமயிர் உள்ள ஒருவரைப் பார்த்துச் சிரித்தேன். அவர் பின்னால் வந்த தன் மனைவியைப் பார்த்துச் சிரித்தார். வழுக்கையும் தொந்தியுமாக ஒருவர் என்னைத் தாண்டிப் போய் எட்டி எட்டிப் பார்த்தார். நான் அவரைத் தாண்டி வந்து எட்டிப் பார்த்தேன். சனம் எல்லாம் கட்டிப்பிடித்து, அழுது, போய் முடிந்தது. கூட்டுகிறவன் வந்துவிட்டான். மிஞ்சினது நாங்கள் இரண்டு பேர்தான்.

"வதனியோ?"

"ஓம்."

"சாப்பிட்டனீரோ?"

அவ்வளவுதான். வரும் வழி முழுக்கப் பெட்டியின் பாரத்தைப் பற்றிக் கதைத்தார்.

வாங்க: சவர்க்காரம், பருப்பு, இவருக்கு இருமல் மருந்து.

மார்ச் 6, வியாழன்

வியாழன் பின்னேரம் வீட்டுவேலை செய்கிற எல்லாருக்கும் லீவு. கோயிலில் கன்னியாஸ்திரி ஒருவர் எங்களுக்கு இத்தாலியன் படிப்பிக்கிறார். இன்றைய பாடம்: ஆணுக்கு ஓ, பெண்ணுக்கு ஆ. ஆண் களைத்தால் "ஸ்தாங்கோ." பெண் களைத்தால் "ஸ்தாங்கா." களைப்பிலும் ஆண் பெண் பார்க்கிறார்கள்.

இவருக்குப் பாடம் வேண்டாமாம். சரளமாகப் பேசுவாராம். ஏழு வருடமாக ஒரே வீட்டு வேலை, லிபெர்த்தா வீதியில், ஒரு சினியோராவோடு, வயதான வீட்டுக்கார அம்மாவோடு. புருசன் இல்லை. முழங்கால் ஏலாது. மகள் மிலானோவில். சமையல், கூட்டுதல், மருந்து, கடைதெரு எல்லாம் இவர். அந்த மனுசியைத் தவிர இவர் இத்தாலியன் பேசின ஆட்கள் குறைவு.

எங்கள் நடையில் ரெலிபோன் அடித்தால் பாதி அவதான். "குணோ! குணோ!" சிவகுணம் என்ற பெயர் அங்கே குணோ. இன்று கேட்டது, பூனைக்கு எந்தச் சாப்பாட்டுத் தகரப் பேணி திறக்கிறது என்று. இவர் கையெல்லாம் ஆட்டி, குரலை உயர்த்தி, சிரித்துக் கதைத்தார். என்னிடம் திரும்பி வந்து, "உப்புக் காணாது."

மார்ச் 9, ஞாயிறு

எழுதவே கூச்சமாக இருக்கிறது. எழுதாமலும் இருக்க ஏலாது.

இன்றைய திட்டம் பகேரியா. அங்கே பழைய மாளிகை ஒன்று, மதில் முழுக்கப் பூதச் சிலையாம். "இது கல்லுத்தான். பிணம் இல்லை. விசாரிச்சிட்டன்" என்றார். ரெயிலில் சின்னத் தூரம். புளிச்சாதமும் முட்டைப் பொரியலும் கட்டினேன்.

ரெயில் பகேரியாவில் நிற்கவில்லை. பெயர்ப்பலகை யன்னலால் ஓடிப் போனது. இவர் எழும்பி நின்று அதைப் பார்த்து, "இது மற்றப் பகேரியா" என்றார்.

பிறகு ரிக்கற் பார்க்கிறவர் வந்தார். ரெயில் பிழை. ரிக்கற்றை மஞ்சள் பெட்டியில் குத்தவும் இல்லை. நான் சாப்பாட்டுப் பையைக் கட்டிப்பிடித்தபடி இருந்தேன். இவர் எழும்பி, கோட்டை இழுத்துவிட்டு, ஒரு கையை நெஞ்சில் வைத்து, தலையைச் சரித்து, நீட்டி இழுத்த ஒரு குரலில் சொன்னார்: "ஸ்கூசி, சினியோரே. சோனோ ஸ்தாங்கா. சோனோ சோலா. சோனோ வேதொவா!"

ஸ்தாங்கா. ஆ. எனக்குக் காது சுட்டது. சோலா என்றால் தனிச்சுப் போனவள், அதுவும் தெரியும். மூன்றாவது சொல் தெரியாது. ரெயில் பெட்டிச் சனம் முழுக்க இவரைத் திரும்பிப் பார்த்தது. பிறகு மூலையில் ஒரு பொடியன் வெடித்தான். பிறகு எல்லாரும். எதிரே இருந்த பெண் இவருக்கு ஒரு இனிப்பைக் கொடுத்து "பொவெரீனா!" என்று, பாவம் பிள்ளை என்பது போல, கன்னத்தைத் தட்டினாள். ரிக்கற்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தானே ரிக்கற்றில் கையெழுத்து வைத்துத் தந்துவிட்டுப் போனார்.

இவர் வெற்றியோடு இருந்தார். "பாத்தீரோ? மரியாதையாய்ச் சொன்னால் இவங்கள் ஒண்டும் செய்யமாட்டாங்கள்."

அடுத்த ஸ்ரேசனில் இறங்கி, மர வாங்கில் குந்தி இருந்து புளிச்சாதம் சாப்பிட்டோம். நல்ல காற்று. திரும்பின ரெயில் பகேரியாவில் நின்றது. இறங்கவில்லை. இரண்டு பேரும் இறங்குவோமா என்று கேட்கவும் இல்லை.

மார்ச் 10, திங்கள்

ஜசிந்தா அக்காவிடம் கேட்டேன். வேதொவா என்றால் விதவை.

பின்னேரம் சண்டை. முதல் சண்டை. அறைக்குள்ளே, மெதுவாக, மற்ற அறைகளுக்குக் கேளாமல்.

"நான் குத்துக்கல்லு மாதிரிப் பக்கத்திலை இருக்கிறன். நீங்கள் விதவை எண்டு ஊருக்குச் சொல்லுறியள். அதுவும் பொம்பிளை விதவை!"

இவருக்கு விளங்கவில்லை. விளங்கப்படுத்தினேன். ஓ, ஆ. சினியோரா, கதவைத் தட்டுகிற காஸ்காரன், கரண்ட்காரன் எல்லாருக்கும் சொல்லுகிறது இதுதானாம்: நான் களைத்துப் போனவள், தனிச்சுப் போனவள், விதவை. சொன்னதும் அவர்கள் இறங்கி வருவார்களாம். "தயவுசெய்து" மாதிரி ஒரு சொல் என்று இவர் நினைத்திருக்கிறார். நினைத்து ஏழு வருடமாகச் சொல்லி வந்திருக்கிறார். பேக்கரியில், தபால் கந்தோரில், பல் டொக்டரிடம், பொலிஸ் கந்தோரில்.

ஒவ்வொரு இடமாக நினைவு வர வர முகம் மாறியது. "பெர்மெஸ்ஸோ தந்தவன் சிரிச்சவன்" என்றார் கடைசியில். 

நான் சொன்னது சரி. ஆனால் சொன்ன விதம் ரெயிலில் சிரித்தவர்களை விடக் கேவலம்.

மார்ச் 13, வியாழன்

மூன்று நாளாக வீட்டில் கதை: "சோறு." "போடட்டோ?" "காணும்."

பேக்கரிக்குப் போக மாட்டாராம். பாண் இப்போது நான் வாங்குகிறேன்.

லண்டனிலிருந்து என் அண்ணை ரெலிபோன் எடுத்தார். அண்ணையின் குரல் ரெலிபோனைத் தாண்டி நடை முழுக்கக் கேட்கும்.

"உங்கை இருந்து என்ன செய்யப் போறியள்? ஆயுள் முழுக்கப் படி கழுவுறதோ? இஞ்சை எங்கடை சனம் எல்லாம் இருக்கு. கடை இருக்கு, கோயில் இருக்கு. வாறதுக்கு நான் ஒழுங்கு செய்யிறன். அவரிட்டைக் கேட்டுப்போட்டு மாதம் முடியிறதுக்கிடையிலை முடிவைச் சொல்லு."

"ஓம் அண்ணை, கேட்டுச் சொல்லுறன்."

திரும்பினால் இவர் பின்னால் நிற்கிறார். எல்லாம் கேட்டிருக்கும். கையில் பூண்டு.

"போக விருப்பமோ?" என்றார்.

"தெரியாது. உங்களுக்கு?"

"உம்மடை விருப்பம்."

உம்மடை விருப்பம் என்று சொல்லுகிறவர்களோடு என்ன கதைப்பது? பூண்டை வாங்கி உரித்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

நல்ல வெயில். இவர் காலையிலேயே, "சினியோராவுக்குச் சுகமில்லை, ஒருக்காப் போட்டு வாறன்." கோட்டு இல்லாமல் போனார்.

சரி. நான் தனியே வெளிக்கிட்டேன். சேலை இல்லை. ஜசிந்தா அக்காவின் பாவாடை, சப்பாத்து.

ஒரேத்தோ வீதியால் ஸ்ரேசன் வரை. சந்தைக்குள் நுழைந்து வெளியே வரத் தெரியாமல் மீன்காரன் ஒருவனையே மூன்று பக்கத்தால் சந்தித்தேன். மூன்றாம் முறை அவன் "சலூத்தாமு!" என்று சல்யூட் அடித்தான். வதக்கின கூனைப்பூ மணம், தாமரை மொட்டு மாதிரி ஒரு மரக்கறி. கடலை மாவில் பொரித்த தட்டை ஒன்றைப் பாணுக்குள் வைத்துத் தந்தார்கள். வாயில் வைத்ததும், எங்கள் ஊர்க் கடலை வடைக்கு அண்ணன் தம்பி.

பிறகு நேர் வீதி. நடந்தேன், நடந்தேன். பாதி வழியில்தான் பிடிபட்டது என்ன புதுமை என்று. ஒருவரும் என்னை நிறுத்தவில்லை. அடையாள அட்டை கேட்கவில்லை. எங்கே போகிறாய், ஆரைப் பார்க்க, பைக்குள் என்ன, இல்லை. கொக்குவிலில் இருந்து யாழ்ப்பாணப் பட்டணத்துக்குப் போவதற்கே எத்தனை மறிப்பு. சண்டையில் ஊரை விட்டு வன்னிக்கு நடந்தோம், அது நடை இல்லை, ஓட்டம். சும்மா நடந்தது இன்றைக்குத்தான். ஒரு சப்பாத்துக் கடைக் கண்ணாடி முன்னால் நின்று கொஞ்சம் அழுதேன். கடைக்காரி சப்பாத்துக்காக அழுகிறேன் என்று நினைத்திருப்பாள்.

வீதி அகலமாகி மரங்கள் வந்தன. பூங்கா ஒன்று. பெயர்ப்பலகையை எழுத்துக் கூட்டினேன். இங்கிலீஷ் தோட்டம்! அண்ணைக்குச் சொல்லவேண்டும், லண்டனுக்கு வராமலே இங்கிலாந்து பார்த்தாயிற்று.

உள்ளே பனைமரம் மாதிரி ஒன்றின் கீழ் வாங்கில் இவர். பக்கத்தில் பெரிய பெண் ஒருத்தி, மயிர்த்தோல் கோட்டு, ஊன்றுகோல். நடுவில் சீட்டுக்கட்டு. இவர் ஒரு சீட்டை ஓங்கி அடித்து ஏதோ கத்த, அவ இவரின் தோளில் அறைந்து சிரித்தா. சுகமில்லாத ஆள்!

இவர் சிரித்தால் முன்பல் இடைவெளி தெரியும். எனக்கு அதுவரை தெரியாது.

கடலை விற்கிறவனின் வண்டிக்குப் பின்னால் ஒளிந்தேன். கடலைக்காரன் என்ன வேண்டும் என்று சத்தமாய்க் கேட்டான். சினியோரா திரும்பிப் பார்த்தா. ஒரே பார்வை. "வதனீ!" என்று கத்தினா, பெற்ற தாய் போல.

போய் இருந்தேன். அவ என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்காமல் கதைத்தா. நெஞ்சில் கை வைத்தா, இவரைக் காட்டினா, வானத்தைக் காட்டினா. முடிந்ததும் இவரைப் பார்த்தேன்.

"குளிர் எண்டு சொல்லுறா" என்றார்.

எனக்குள்ள இத்தாலியனில் மனைவி என்ற சொல் அதற்குள் நாலைந்து தரம் வந்தது தெரியும். சினியோராவுக்கும் மொழிபெயர்ப்பு கட்டை என்று விளங்கிவிட்டது. இவரின் காதைப் பிடித்துத் திருகினா. அதன் பிறகு இவர் மரத்தைப் பார்த்தபடி, ஒவ்வொரு வசனமாகச் சொன்னார். மரத்துக்கு.

"ஏழு வருசமாய் ஞாயிற்றுக்கிழமை எல்லாம் நான் இஞ்சைதான் வாறனானாம். வேறை போக்கிடம் இல்லையாம். சீட்டு விளையாடிக்கொண்டு உம்மைப் பற்றித்தான் கதைக்கிறனானாம்... உங்கடை மாடு கண்டு போட்டது, கொம்மாவின்ரை கால், கூரை பிரிஞ்சது, எல்லாம் அவவுக்குத் தெரியுமாம்... நீர் வாறீர் எண்டதும் எனக்குப் பயம் பிடிச்சதாம். என்ன கதைக்கிறது எண்டு கேட்டனானாம்."

"அதுக்கு அவ?"

இவர் சீட்டை அடுக்கத் தொடங்கினார். காது திரும்பவும் திருகப்பட்டது.

"அவவைக் கலியாணத்துக்கு முந்தி அவவின்ரை மனுசன் முதல் முதல் கூட்டிக்கொண்டு போனது அந்தப் பிணம் இருக்கிற இடத்துக்காம். பயத்திலை பொம்பிளை கையைப் பிடிச்சிடுமாம். அதாலைதான்..."

சினியோரா என்னை ஆவலாகப் பார்த்து ஒரு கேள்வி. பயந்தாயா? நான் தலையை ஆட்டினேன், இல்லை. அவ இவரைப் பார்த்தா. இவர் தன் நெஞ்சைத் தொட்டார். அந்த மனுசி சிரித்த சிரிப்பில் ஊன்றுகோல் விழுந்து உருண்டது.

வழி முழுக்கப் பஸ்ஸில் இவர் யன்னலைப் பார்த்தபடி வந்தார். ஸ்ரேசன் வந்தபோது கேட்டேன்: "ஓ, ஆ பிழை எண்டு அவ ஒருநாளும் சொல்லேல்லையோ?"

"தொடக்கத்திலை சொன்னவவாம், எனக்கு விளங்கேல்லை. பேந்து விட்டிட்டாவாம். வீட்டிலை ரெண்டு பொம்பிளையள் கதைக்கிற மாதிரி இருந்ததாம். தனிமை தெரியேல்லையாம்."

நான் சிரிக்கவில்லை. ஸ்ரேசன் தாண்டின பிறகு இரண்டு பேரும் சிரித்தோம்.

மார்ச் 19, புதன்

சூசையப்பர் நாள். தெருச் சந்தியில் பழைய கதவு, உடைந்த மேசை எல்லாம் போட்டு நேற்றே எரித்தார்கள். ஜசிந்தா அக்கா தயிர்க்கட்டி வைத்த பணியாரம் கொண்டுவந்தார். இவர் நாலு தின்றார். வயிற்றைத் தடவி, "சோனோ ஸ்தாங்..." என்று தொடங்கி, என்னைப் பார்த்து, மெதுவாக, "...கோ."

இன்று பேக்கரிக்குத் தானே போனார்.

அண்ணைக்கு என்ன சொல்வது? அதைப் பற்றி இவர் வாய் திறக்கவில்லை. நானும்.

மார்ச் 23, குருத்தோலை ஞாயிறு

இங்கே குருத்தோலைக்குப் பதில் ஒலிவ் கொப்பு. பூசை முடித்து, கொப்போடு ஜசிந்தா அக்கா எங்களை மலைக்கு இழுத்தார். மேலே குகைக்குள் சாந்தா ரோசாலியா, இந்த ஊரைக் காக்கிற புனிதை. தமிழ்ச் சனம் சைவம், கத்தோலிக்க வேதம் என்று பாராமல் அங்கே போகும். இவர் பெர்மெஸ்ஸோ கிடைத்த நேர்த்திக்கு ஒருமுறை போனாராம், பஸ்ஸில். இன்று கல்லுப் பாதையால் நடை.

பாதியில் இவர் மூச்சு வாங்கி நின்று, "ஒரு கதை" என்றார். "சினியோராவுக்குச் சொல்லிப்போட்டன்."

"என்னெண்டு?"

"லண்டனுக்குப் போறம் எண்டு. வேறை ஆளைப் பாக்கச் சொல்லியும் போட்டன்."

எனக்குத் தலைக்குள் ஏதோ வெடித்தது. "ஆரைக் கேட்டுச் சொன்னனீங்கள்?"

"உமக்கு விருப்பம் எண்டு..."

"நான் எப்ப சொன்னனான்? நான் இருக்கிறது எண்டு முடிவெடுத்துப்போட்டன்!"

"எப்ப?"

"போன ஞாயிறு!"

"அதை எனக்குச் சொல்லவேண்டாமோ?"

"நீங்கள் கேட்டனீங்களோ?"

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. இவர், லண்டனில்தான் எனக்கு நல்லது, நான் அங்கே சனத்தோடு சந்தோசமாய் இருப்பேன் என்று வாதம். நான், இவருக்கு இந்த ஊர்தான் சரி, போக ஏலாது என்று வாதம். போன கிழமை இரண்டு பேரும் எதிர்ப்பக்கம் நின்றிருப்போம். பிள்ளைகளோடு ஏறிவந்த தமிழ்க் குடும்பம் ஒன்று எங்களுக்காக ஓரமாய் நின்றது. தகப்பன் மனைவியிடம், "அவை முடிக்கட்டும், பாதை சிறிசு." ஒரு சின்னப் பெட்டை இத்தாலியனில் தாயைக் கேட்டது, மாமாவும் மாமியும் ஏன் அடிபடுகிறார்கள். தாய்: "அன்பிலை, பிள்ளை."

ஜசிந்தா அக்கா ஒலிவ் கொப்பால் இரண்டு பேருக்கும் ஒவ்வொன்று போட்டார். "சண்டையை மேலை கொண்டுபோய் அந்த மனுசியிட்டைச் சொல்லுங்கோ. என்ரை முழங்கால் உங்களுக்குப் பொறுமை காக்காது."

குகை. சுவரால் தண்ணீர் வடிந்து தகரப் பீலிகளில் ஓடுகிறது. கண்ணாடிக்குள் பொன் உடுப்போடு படுத்திருக்கிறா. பெரிய வீட்டுப் பெண்ணாம், எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தனியே வந்து இந்தக் குகையில் இருந்தவ. என்ன கேட்பது என்று தெரியவில்லை. கண்ணை மூடி நின்றேன். ஒரு துளி நேரே உச்சியில் விழுந்தது. பக்கத்தில் இவருக்கும் வழுக்கையில் விழுந்து தெறித்த சத்தம் கேட்டது. சிரிப்பை அடக்கினால் அழுகை மாதிரி வந்தது. இவர் என் கையைப் பிடித்தார், நான் அழுகிறேன் என்று நினைத்து. விடவில்லை. நானும் திருத்தவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

நாங்கள் போகவில்லை என்று சினியோராவுக்குச் சொல்ல இவருக்குத் துணை வேண்டுமாம். படி வேலை முடித்து நானும் லிபெர்த்தாவுக்குப் போனேன். பெரிய வீடு, தூசி இல்லை. என் மனுசன் இப்படிக் கூட்டுவாரா?

சினியோரா கேட்டுவிட்டுப் படபடவென்று பொழிந்தா. இப்போது இவர் கட்டையாக்காமல் மொழிபெயர்த்தார். நாலு நாள் அழுதது வீணாம். கண் வீங்கினது வீணாம். மகளுக்குச் சொல்லி, மகள் மிலானோவுக்கு வா என்று சொல்லி, பூனையை என்ன செய்வது என்று ஒரு பெரிய சண்டையும் பிடித்து, இப்போது எல்லாம் வீணாம். இப்படி ஒரு வீட்டில் நாடகம் ஆடக்கூடாதாம்.

பிறகு எழும்பிப் போய் முகம் கழுவிவிட்டு வந்தா. தண்டனை தருகிறாவாம். ஈஸ்டருக்கு அடுத்த நாள் பலெர்மோ முழுக்கக் காட்டுக்குப் போய்ச் சுட்டுச் சாப்பிடும். அவ போய் வருடக்கணக்கு. எங்களோடு கூட்டிக்கொண்டு போகவேண்டும்.

"முழங்கால்?" என்றார் இவர்.

"முழங்காலையும் கூட்டிக்கொண்டு வாறாவாம்" என்று தானே மொழிபெயர்த்தார்.

மார்ச் 31, திங்கள்

முகில். எல்லாரும் சொன்னார்கள், இந்த நாளில் மழை கட்டாயம் என்று. சொன்னபடியே.

மலையடிப் பூங்காவுக்குப் பஸ்ஸில். இவர் ஒரு தோளில் சினியோராவின் சாய்மனைக் கதிரை, மற்றக் கையில் கரிச்சாக்கு. சாரதி ஏற்றமாட்டேன் என்றான். இவர் நெஞ்சில் கை வைத்ததைக் கண்டதும் நான் கண்ணை மூடினேன். "சோனோ ஸ்தாங்கோ," என்றார், "சோனோ..." திரும்பி என்னைப் பார்த்தார். "...மரீத்தோ!" களைத்துப் போன புருசன். பஸ் முழுக்க ஏற்றச் சொல்லிக் கத்தினது.

ஊரே அங்கே. மரத்துக்கு மரம் புகை. எங்கள் சாமான்: புட்டு, சம்பல், கோழி. சினியோராவின் சாமான்: கூனைப்பூ ஒரு கூடை. பூவை விரித்து உப்பு, பூண்டு, எண்ணெய் விட்டுத் தணலுக்குள் புதைக்கவேண்டும். கருகினதை உரித்து எறிந்து நடுவைத் தின்பது. கரிக்கு நடுவில் வெண்ணெய் மாதிரி. சினியோரா சம்பலைக் கரண்டியால் அள்ளி வாயில் வைத்து, பேச்சில்லாமல், இரண்டு கையாலும் விசிறினா. பக்கத்துக் குடும்பம் வைன் கொண்டு ஓடி வந்தது. பிறகு அவர்களும் சம்பல் கேட்டார்கள்.

மழை கொட்டினது. சினியோரா குடையைத் தனக்குப் பிடிக்காமல் தணலுக்குப் பிடித்தா. நாங்கள் மூன்று பேரும் மேசை விரிப்புக்குக் கீழே, அவவின் தைலமும் கோழியும் மணக்க. நடுங்கிக்கொண்டு சீட்டு விளையாட எனக்குப் பழக்கினார்கள். இரண்டு பேரும் களவு. அதையும் பழகினேன்.

வீடு வந்து ஈர உடுப்பு மாற்றமுதல் ரெலிபோன். அண்ணை.

"மாதம் முடிஞ்சுது. என்ன முடிவு?"

இவர் நடையில் நின்று, ஏற்கெனவே கழுவின தட்டைத் துடைத்துக்கொண்டு இருந்தார்.

"நாங்கள் வரேல்லை அண்ணை. இஞ்சை இருக்கிறம்."

 நடை அதிர்ந்தது. "விசரோ உனக்கு? உங்கை அப்பிடி என்ன இருக்கு?"

என்ன இருக்கிறது? யோசித்தேன். படி இருக்கிறது, பிணம் இருக்கிறது, மழை இருக்கிறது. எதைச் சொல்வது.

"வாற ஞாயிறு செஃபலூவுக்குப் போறம் அண்ணை."

"அதென்ன இடம்?"

"தெரியாது அண்ணை. இவருக்கும் தெரியாது."